பைக்கில் ஏறும் பேஸ்: வேலூர்ப் பக்கம் கச்சேரிக்குக் கிளம்பும் புதியவருக்கு

ஆற்காட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மண்டபம் மாடியில், பந்தி கீழே. முப்பது கிலோவுக்குக் குறையாத பேஸ் கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி) ஒன்றை நானும் தபலா வாசிக்கும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சாம்பார் வாளியோடு எதிரே இறங்கியவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஒருவழியாக மேலே ஏற்றினோம். மேடையில் இறக்கி மூச்சு வாங்கும்போது மைக் செட் அண்ணன் வந்து பார்த்தார். “இன்னாப்பா, இம்மாம் பெரிய பாக்ஸு? எனக்கு ஒரு லைன் குடுத்துடு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுக்க அந்த ஆம்பில் வழியே இல்லை. பின்பக்கம் மைக் செட்டுக்கு ஒயர் இழுக்க லைன் அவுட் என்று ஒரு ஓட்டைகூடக் கிடையாது. அன்று முதல் நாலு வரிசைக்கு பேஸ் மட்டும்தான் கேட்டது. கடைசி வரிசைக்கு பேஸைத் தவிர எல்லாம் கேட்டது.

படி ஏறிய வலி இரண்டு நாளில் போய்விட்டது, அண்ணன் சொன்னது போகவில்லை. ஜனங்கள் கேட்பது மைக் செட் வழியாக. நாம் தூக்கிக்கொண்டு போகும் ஆம்ப் நம் காதுக்கும், பக்கத்தில் நிற்கும் டிரம்மர் காதுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆம்பும் பெடலும் வாங்கக் கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

வரப்போகும் ஆறு மாதத்துக் கச்சேரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். நம் பக்கம் அவை பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, 2019-இல் வேலூர் மறுபடி மூன்றானது என்பதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் கணக்கு. கச்சேரிக்காரனுக்கு அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை இன்னும் ஒரே சுற்றுதான். அதனால் “எங்க ஊர்ல இப்படி இல்லையே” என்ற நிலை அடிக்கடி வரும், அதற்கும் சேர்த்தே யோசியுங்கள்.

ரிசப்ஷன் என்றால் மைக் செட்டில் பெரிய பாக்ஸ்கள் இருக்கும், டிரம்ஸுக்குப் பதில் பெரும்பாலும் எலெக்ட்ரானிக் பேட் இருக்கும். மேடையில் சத்தம் குறைவு, சின்ன ஆம்ப் போதும். சபை ஆராதனையில் வாரா வாரம் அதே இடம், அதே மிக்சர் (எல்லா மைக்கையும் லைனையும் கலக்கும் கருவி). ஒருமுறை சரிசெய்துவிட்டால் கையோடு கொண்டுபோக வேண்டியது குறைவு. ஆனால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயம் போல உயரக் கூரை போட்ட பழைய கட்டடங்களில் கீழ் ஸ்வரம் சீக்கிரம் அடங்காது. அங்கே நல்ல ஆம்பைவிட, நோட்டை நேரத்துக்கு நிறுத்தும் இடது கைதான் முக்கியம். வி.ஐ.டி.யின் ரிவைரா மாதிரிப் பெரிய கல்லூரி விழா என்றால் சவுண்டுக்காரர்களே எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். நீங்கள் பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி) பையோடு போனால் போதும்.

திருவிழாக் கச்சேரிதான் சோதனை. அங்கே பல இடங்களில் தெருக்கோடிவரை கட்டியிருப்பது கூம்பு ஸ்பீக்கர். பேஸின் நாலாவது தந்தியான ஈ, திறந்து வாசித்தால் நொடிக்கு சுமார் 41 அதிர்வு, அதாவது 41 ஹெர்ட்ஸ். கூம்பு ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகக் கொடுக்காது. அது பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் செய்யப்பட்ட சாமான். அதில் பேஸ் லைனைக் கொடுத்தால் தகர டப்பாவுக்குள் யாரோ முனகுவது மாதிரித்தான் இருக்கும். அங்கே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காவது பேஸ் கேட்க வேண்டுமென்றால் உங்கள் ஆம்ப் பேச வேண்டும். உங்கள் பட்டியலில் திருவிழா எத்தனை என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் என்றால் கொஞ்சம் பெரிய ஆம்ப் வாங்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்குப் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்று தனி வரம். ரோலண்டின் மைக்ரோ கியூப் பேஸ் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். வீட்டு வாசலில் கிட்டாரோடு சேர்ந்து பாட அது போதும், டிரம்ஸ் பக்கத்தில் அது எடுபடாது.

ஆம்ப்: வாட், ஸ்பீக்கர், கிலோ

1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வு ஆம்ப். தலைப்பகுதி (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) மட்டும் 35 கிலோவுக்கு மேல். அதோடு சேரும் கேபினட், அதாவது எட்டு ஸ்பீக்கர் பெட்டி, 60 கிலோவைத் தாண்டும். படத்தில் பார்க்க அழகு, காட்பாடி பிரிட்ஜ் தாண்டிக் கொண்டுபோக முடியாது. இன்று ட்ரேஸ் எலியட்டின் எல்ஃப் என்ற ஆம்ப் 200 வாட். எடை ஒரு கிலோகூட இல்லை. நடுவில் வந்த மாற்றம் மூன்று: கிளாஸ்-டி என்ற சர்க்யூட், கனத்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் வந்த எஸ்.எம்.பி.எஸ். என்ற எடை குறைந்த பவர் சப்ளை, ஸ்பீக்கரில் நியோடிமியம் காந்தம். கிளாஸ்-டியில் மின்சாரம் வெப்பமாக வீணாவது குறைவு, அதனால் சூட்டை வெளியேற்றும் பெரிய அலுமினியச் சிறகு தேவையில்லை. கடையில் “கிளாஸ்-டியா, நியோடிமியமா” என்று இரண்டு கேள்வி கேட்டாலே எடைபற்றிய பேச்சு முடிந்துவிடும்.

வாட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஹோம் தியேட்டர் டப்பாக்களில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சடித்திருப்பார்கள், அது வெறும் அலங்காரம். ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம், வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 100 வாட்டிலிருந்து 200-க்குப் போனால் 3 டெசிபல் கூடும், அவ்வளவே. காதுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். சத்தம் இரண்டு பங்கானது போலக் கேட்க சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். ஆகவே 100-க்கும் 150-க்கும் நடுவே தலையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். அதில் 94-க்குப் பதில் 97 என்றிருந்தால், வாட்டை இரட்டிப்பாக்கிய அதே பலன், எடை கூடாமல்.

என் அனுபவக் கணக்கு இது. வீட்டுப் பயிற்சிக்கும் பாடகர் குழுவுக்கும் 40 வாட், 10 இன்ச் ஸ்பீக்கர். பேட் வைத்த ஆர்கெஸ்ட்ராவுக்கு 100 வாட், 12 இன்ச். நிஜ டிரம்ஸ் வைத்து, மைக் செட் உதவியும் இல்லாமல் வாசிக்க 300 வாட்டாவது வேண்டும். உதாரணத்துக்கு ஃபெண்டர் ரம்பிள் வரிசையைப் பாருங்கள்: ரம்பிள் 40 சுமார் எட்டு கிலோ, ரம்பிள் 100 பத்து கிலோ. இரண்டையும் பைக்கின் பின்சீட்டில் ரப்பர் பெல்ட்டால் கட்டிவிடலாம், கிட்டார் பை முதுகில். 40-இலும் 100-இலும் மைக் செட்டுக்கு லைன் கொடுக்கும் எக்ஸ்.எல்.ஆர். ஓட்டை உண்டு, அதே வரிசையின் 25-இல் இல்லை. காசு மிச்சம் என்று 25-ஐ எடுத்துவந்துவிட்டு ஆற்காட்டில் நான் நின்ற மாதிரி நிற்கவேண்டாம்.

ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) கணக்கு இரண்டே வரி. 8 ஓம் கேபினட் இரண்டைச் சேர்த்தால் ஆம்புக்கு 4 ஓம். 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். ஆம்பின் முதுகில் “குறைந்தபட்சம் 4 ஓம்” என்று எழுதியிருந்தால் அந்த 2 ஓம் ஆம்புக்கு எமன். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய வாட் எண்ணும் பெரும்பாலும் 4 ஓமுக்கானது. ரம்பிள் 500-ஐத் தனியாக வாசித்தால் 350 வாட்தான், இன்னொரு 8 ஓம் கேபினட்டை மாட்டினால்தான் 500. தலை தனி, கேபினட் தனி என்று வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: நடுவில் மாட்டுவது ஸ்பீக்கர் ஒயர்தான். கிட்டார் ஒயரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், பின்னும் அதேதான். உள்ளே கம்பி மெல்லியது, சூடேறும். ஸ்பீக்கான் என்ற வேறு வடிவப் பின் இருக்கிற ஆம்பாகப் பார்த்து வாங்கினால் மாற்றி மாட்டும் வாய்ப்பே இல்லை.

வெயிலையும் மறக்கக் கூடாது. மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊரில் ஆம்பைக் காருக்குள் பூட்டிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். இன்னொரு எதிரி மேடை அலங்காரம். ஒரு ரிசப்ஷனில் அலங்காரக்காரத் தம்பிகள், கறுப்புப் பெட்டி கண்ணை உறுத்துகிறது என்று என் ஆம்பை வெள்ளை சாட்டின் துணியால் முழுசாகப் போர்த்திவிட்டார்கள். ரோஜாக்கொத்து ஒன்றும் வைத்திருந்தார்கள். நாலாவது பாட்டில் ஆம்ப் தானாக அணைந்துவிட்டது. கையை வைத்துப் பார்த்தால் இட்லிப் பானை. கழற்றி வைத்து இருபது நிமிஷம் ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடியது. இப்போதெல்லாம் அலங்காரம் முடியும்வரை நான் ஆம்ப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

மைக் செட்டுக்கு லைன்

டி.ஐ. என்பது கிட்டாரின் மெலிந்த சிக்னலை மிக்சர் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி, நீண்ட ஒயரிலும் இரைச்சல் ஏறாமல் அனுப்பும் சமாசாரம். ஆம்பிலேயே இருக்கலாம், பெடலில் இருக்கலாம், தனிப் பெட்டியாகவும் இருக்கலாம். அதன் பின்பக்கம் எக்ஸ்.எல்.ஆர். ஓட்டை இருக்கும்; மைக் செட்காரர்கள் வாயில் அது “கேனன்”. உங்களிடம் ஐந்தாயிரம்தான் இருக்கிறது என்றால் முதலில் டி.ஐ. வாங்குங்கள், ஆம்பை அப்புறம் பார்க்கலாம். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் இந்த வகையில் பழைய பெயர். அதே வழியில் போகும் மலிவான பெரிங்கர் பி.டி.ஐ.21 நம்மில் பலருக்கு முதல் பெட்டி. தொனி, சத்தம், ஓவர்டிரைவ் என்ற கரகரப்பு, லைன் எல்லாம் அந்த ஒன்றிலேயே.

இரண்டு பொத்தான்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரீ, போஸ்ட். பிரீயில் வைத்தால் ஆம்பில் நீங்கள் திருகும் தொனி மாற்றங்கள் மிக்சருக்குப் போகாது. மேடையில் உங்கள் காதுக்காக பேஸைக் கூட்டினாலும் ஹாலில் எதுவும் மாறாது. மைக் செட் அண்ணனுக்கு இதுதான் பிடிக்கும், பிரீயிலேயே வையுங்கள். தொனியைப் பெடலில் செய்கிறவர் என்றால் பெடலுக்கு அப்புறம் டி.ஐ. வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மிதிப்பது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். இன்னொன்று கிரவுண்ட் லிஃப்ட். “உர்ர்” என்று இரைந்தால் அதை அழுத்துங்கள். பாதி நேரம் அடங்கிவிடும்.

எல்லா இடத்திலும் கேனன் இருக்கும் என்று நம்பக் கூடாது. கிராமத்துப் பக்கம் இன்னும் பழைய அஹுஜா ஆம்ப்ளிஃபயர்கள் ஓடுகின்றன, அவற்றில் பலவற்றின் மைக் ஓட்டை தடித்த பி-38 பின்னுக்கானது. ஒரு முனை கேனன், மறு முனை பி-38 என்று ஐந்து மீட்டர் ஒயர் ஒன்றைப் பற்றவைத்துப் பையில் போட்டுவையுங்கள். என்னிடம் இருக்கும் ஒயருக்கு வயது பத்து. அதைக் கடன் வாங்கிய சவுண்டுக்காரர்களின் எண்ணிக்கை தனிக்கதை. அதே அஹுஜாவின் பின்பக்கம் “100 வி” என்று எழுதிய திருகுகள் இருக்கும். அவை கூம்பு ஸ்பீக்கர் லைன். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கரண்ட்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு நடந்தது நம் பந்தலில் நடக்க எல்லா ஏற்பாடும் இருக்கிறது: எர்த் இல்லாத இரண்டு கம்பி இழுத்த லைன், நனைந்த தரை, வெறுங்கால். கையில் தந்தி, தந்தி ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. உதட்டுக்கு எதிரே மைக். அது மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டும் இரண்டு லைனில் இருந்து, ஒன்றில் கோளாறு என்றால் பாலம் நீங்கள்தான்.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் ஒன்று பையிலேயே கிடக்கட்டும். எல்லாவற்றையும் ஆன் செய்த பிறகு, பாட வாய் வைப்பதற்கு முன், அதன் நுனியால் மைக்கின் வலையையும் பிறகு கிட்டார் பிரிட்ஜின் உலோகத்தையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் வாசிக்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது, எர்த் இருக்கிறதா என்று கேட்டும் விடுங்கள். ஆம்பும் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுப்பது நல்லது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து, இரண்டு ஓட்டையில் செருகும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். இரைச்சல் போகும், கூடவே பாதுகாப்பும் போகும். இரைச்சலுக்கு டி.ஐ.யின் கிரவுண்ட் லிஃப்ட் இருக்கிறது. அது சிக்னலை மட்டும்தான் தொடும்.

ஜெனரேட்டருக்கு மாற்றுகிற நேரத்தில் ஆம்பை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்து நிலைத்ததும் ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். சீரியல் செட் ஓடுகிற லைனில் பிளக் போட்டால் விளக்கு மினுக்குகிற அதே தாளத்தில் ஆம்பும் “ட்டிக் ட்டிக்” என்னும், எனவே மைக் செட் அண்ணனிடம் தனி லைன் கேளுங்கள். ஸ்பைக் கார்டு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வரும்போது ஒரு ஆம்ப் வாங்கிவரச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. முதுகில் “100–240 வோல்ட்” என்று இருந்தால் சரி. “120” என்று மட்டும் இருந்தால் சித்தப்பாவுக்கு வீண் சுமை.

பெடல்: எதை, எந்த வரிசையில்

முதலில் வாங்க வேண்டிய பெடல் டியூனர். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனாலும் அதுதான். ஏ.சி. ஹாலிலிருந்து வெளியே வந்தால் தந்தி இறங்கும். பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் மொய்ப்பணம் படிக்கும்போது டியூனரை மிதித்தால் சத்தம் மேடையில் கேட்காமல் சுருதி சேர்த்துவிடலாம். பாஸ் (Boss) கம்பெனி டியூனர் போன்றவை பல வருஷம் உழைக்கும்.

இரண்டாவது கம்ப்ரெசர். அடிக்கிற நோட்டும் தடவுகிற நோட்டும் ஒரே அளவில் வர உதவும். ரேஷியோ 4:1 என்றால், நீங்கள் வைத்த எல்லைக்கு மேல் 12 டெசிபல் எகிறும் சத்தம் வெளியே வரும்போது 3 டெசிபல்தான் எகிறியிருக்கும். பலமாகப் பறிக்கும்போது 3 முதல் 6 டெசிபல் குறைகிற மாதிரி வைத்தால் போதும். அட்டாக்கை (கம்ப்ரெசர் இறுக்கத் தொடங்கும் வேகத்தை) கொஞ்சம் மெதுவாக வையுங்கள், விரல் தந்தியை விட்டு எகிறும் அந்த “டக்” தப்பிக்கட்டும். எண்பதுகளின் திரைப்பாட்டு பேஸ், பாட்டோடு சேர்ந்து தானும் ஒரு ராகம் பாடிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி வாசிக்க இது கைகொடுக்கும். ரொம்ப இறுக்கினால் உயிர் போய்விடும், கீபோர்டில் வாசித்த மாதிரி ஆகிவிடும்.

அது போகட்டும், கீபோர்டு என்றதும் ஒன்று. ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு அண்ணன் இடது கையால் பேஸ் போட்டே பழகியிருப்பார். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. இரண்டு பேஸும் சேர்ந்தால் ஹாலில் “கும்” என்று ஒரே சேறு. எந்தப் பெடலும் இதைச் சரிசெய்யாது. ரிகர்சலிலேயே, “அண்ணே, பேஸை நான் பாத்துக்கிறேன், நீங்க கார்ட்ஸ் மட்டும் பிடிங்கண்ணே” என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

மூன்றாவது ஓவர்டிரைவ். கிட்டாருக்கான பெடலை பேஸில் மாட்டினால் பெரும்பாலும் கீழ் ஸ்வரம் காணாமல் போகும். பேஸுக்கென்று செய்ததில் பிளெண்ட் என்ற குமிழ் இருக்கும். சுத்தமான சத்தத்தோடு கரகரப்பை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். இதை நான் கால்வாசிக்கு மேல் திருகியதில்லை. சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. ஆனால் கரகரப்பு மேல் அடுக்கு ஸ்வரங்களைக் கூட்டித் தருவதால் காது கீழ் ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். கூம்பு ஸ்பீக்கர் ஊரில்கூட இந்த வித்தை கொஞ்சம் பலிக்கும்.

ஒரு ஸ்தாயி கீழே அதே ஸ்வரத்தைச் சேர்த்துத் தரும் ஆக்டேவர் குத்துப்பாட்டுக்கு ஆசையாக இருக்கும். வாங்குமுன் ஒன்று: திறந்த ஈ தந்திக்கு ஓர் ஆக்டேவ் கீழே போனால் 20.6 ஹெர்ட்ஸ், மனிதக் காதின் எல்லை அது. எந்த மண்டபத்து பாக்ஸும் அதைத் தராது, பெடலும் ஸ்வரத்தைப் பிடிக்கத் திணறும். ஏ தந்தியிலோ டீ தந்தியிலோ ஏழாவது கட்டைக்கு (ஃப்ரெட்) மேலே வாசித்தால் கொழகொழவென்று சரியாக வரும். கோரஸ், ஃபில்டர் எல்லாம் இரண்டாம் வருஷம்.

வரிசை: கிட்டார், டியூனர், ஆக்டேவர் இருந்தால் அது, கம்ப்ரெசர், ஓவர்டிரைவ், கடைசியில் டி.ஐ. இது சட்டமல்ல, தொடங்க நல்ல இடம்.

இதையெல்லாம் தனித்தனியாக வாங்கப் பணம் இல்லையென்றால், பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றே போதும். ஜூம் பி1 ஃபோர் நாலு பென்சில் பேட்டரியிலும் ஓடும், டியூனரும் தாளமும் உள்ளேயே. அதில் எக்ஸ்.எல்.ஆர். இல்லை, எனவே டி.ஐ. தனியாக வேண்டும். மல்டியில் எல்லோரும் செய்யும் தவறு, வீட்டில் ஹெட்ஃபோனில் சத்தம் அமைப்பது. ஒரு பேட்சிலிருந்து (சேமித்து வைத்த சத்த அமைப்பு) இன்னொன்றுக்கு மாறும்போது மேடையில் ஒன்று காதைக் கிழிக்கும், இன்னொன்று காணாமல் போகும். ரிகர்சலில் ஆம்பைக் கச்சேரி அளவுக்கு வைத்துவிட்டு எல்லாப் பேட்சையும் சமன் செய்யுங்கள்.

பெடலுக்குக் கரண்ட் கொடுப்பதில் எனக்கு ஒரு தழும்பு உண்டு. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி., பின்னின் நடு மைனஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பிளஸ், அதிலும் பல 12 வோல்ட். பின் அளவு மட்டும் அச்சாகப் பொருந்தும்! ஒரு சோளிங்கர் கச்சேரியில் அடாப்டரை மறந்துவிட்டு, மண்டபத்து ஆபீஸிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டினேன். சுருட்டு வாசனை மாதிரி ஒன்று வந்தது. அதோடு அந்தக் கம்ப்ரெசர் போயே போச்சு. இப்போது என் அடாப்டரில் நகப்பூச்சு வைத்துச் சிவப்புப் புள்ளி போட்டிருக்கிறேன். புள்ளி இல்லாத எதுவும் என் பெடலுக்குள் போகாது.

ஒவ்வொரு பெடலின் வயிற்றிலும் எத்தனை மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொடுக்கும் அடாப்டராக வாங்குங்கள். சாதாரண அனலாக் பெடல்களுக்கு ஓர் அடாப்டரிலிருந்து மாலை மாதிரி ஒயர் இழுக்கலாம். நடுவில் டிஜிட்டல் பெடல் ஒன்று சேர்ந்தால் “ஙொய்ங்” என்று மெல்லிய கீச்சு கேட்கும். அப்போது ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வேண்டும்.

கடையில்

உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். காட்பாடியில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. 1842-இலிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளில் கேட்டால் வாசித்துப் பார்க்க விடுவார்கள். ஆம்புக்கு முன்னால் குத்தவைத்து வாசிக்காதீர்கள். மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், மேடையில் அப்படித்தான் நிற்பீர்கள். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். திறந்த ஈ தந்தியைக் கச்சேரி பலத்தில் அடித்து, எங்காவது பலகை கடகடக்கிறதா என்று கேளுங்கள். பேஸும் டிரெபிளும் கூட்டி, நடுப் பகுதியான மிட்டைக் குறைத்தால் கடையில் தேன் மாதிரி இருக்கும், மேடையில் கரைந்துவிடும். கூட்டத்தில் பேஸைத் தூக்கிக் கொடுப்பது 250-இலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட். அது கடையில் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல் இருந்தாலும் பரவாயில்லை.

பழையது வாங்குவதிலும் தப்பில்லை. சபைகள் புது செட் வாங்கும்போது பழைய ஸ்ட்ரேஞ்சர் கியூப், ரோலண்ட் கியூப் எல்லாம் நல்ல விலைக்கு வெளியே வரும். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் யாரோ திறந்து நோண்டியிருக்கிறார்கள். ஸ்பீக்கரின் காகிதத்தை இரண்டு பக்கமும் விரலால் சமமாக, மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கெட்டுப்போயிருக்கிறது, விலையைக் குறைக்கக்கூட வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அரை மணி நேரமாவது சூடேறும்வரை ஓட்டிப் பாருங்கள்.

கச்சேரி நாள்

ஆம்பைக் காலடியில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போய்விடும், உங்களுக்குக் கேட்காது, நீங்கள் கூட்டிக்கொண்டே போவீர்கள். முன்பக்க அடியில் ஒரு செங்கல்லைச் சரித்து வைத்து முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பலகை மேடை “தொம் தொம்” என்று அதிர்ந்தால் ஆம்பையே பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏற்றுங்கள். நாற்காலிக் காலில் ஆட்டம் இல்லையென்று பார்த்துக்கொண்டு. ரொம்பக் கீழே உள்ள அதிர்வை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே போவது ஸ்பீக்கருக்கு உழைப்பு, காதுக்கு ஒன்றுமில்லை.

மைக் செட் அண்ணனிடம் முதலில் போய், “லைன் தர்றேண்ணே, பிரீயில இருக்கு, எங்க மாட்டணும்?” என்று கேளுங்கள். அவர் உங்கள் சேனலைத் திறப்பதற்கு முன்பே பின்னை மாட்டிவிடுங்கள், அவர் மூடுவதற்கு முன் பிடுங்காதீர்கள். அந்த “டப்” சத்தத்தில் அவர் ஸ்பீக்கர் போனால் அடுத்த கச்சேரிக்கு உங்களுக்கு லைன் கிடைக்காது.

முடிந்ததும் சாப்பாட்டுக்கு ஓடும் அவசரம் இருக்கும். பிரியாணி எங்கேயும் போகாது. ஒயரை முழங்கையில் சுற்றாமல், ஒரு வளையம் இப்படி ஒரு வளையம் அப்படி என்று விட்டு மடியுங்கள். பெடல்களையும் அடாப்டரையும் எண்ணிப் பையில் போடுங்கள், கேனன் ஒயரை மிக்சர் பக்கம் போய்க் கேட்டு வாங்குங்கள். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரி உள்ளது) என்றால் கிட்டாரில் செருகிய பின்னைக் கழற்றுங்கள். பேட்டரி போட்ட பெடல்களிலும் அப்படித்தான். பின் உள்ளேயே இருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், ஞாயிறு காலை ஆராதனைக்கு மேடை ஏறும்போதுதான் அது தெரியவரும்.